641-க்கு முன்பே இறங்கிவிட்டேன்

கணக்கில் நான் எப்படி என்று கேட்காதீர்கள். கடையில் கொடுக்கிற சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வேன். பார்க்கிறவர்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவன் போய் மாட்டிக்கொண்டது 4294967297-இடம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. முப்பத்திரண்டு 2-களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது. இது பகா எண்ணா, இல்லையா? சந்தேகமே இல்லை, பகா எண்தான் என்றேன். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

துணைக்குப் பெரிய ஆளே உண்டு. இரண்டுகளின் எண்ணிக்கையை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். மேற்கொண்டும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கடிதம் எழுதினார் பிரான்ஸின் ஃபெர்மா. நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் துலூஸ் நீதிமன்றத்தில் பதவியில் இருந்தவர்.

சரி, வகுத்தே பார்த்துவிடலாம் என்று வீட்டுக் கால்குலேட்டரை எடுத்தேன். 2-ஆல் வகுத்தேன். மீதியே இல்லாமல் போனது! ஃபெர்மாவைக் கவிழ்த்துவிட்டேன் என்று வீடே அதிரக் கத்தினேன். "7-ல முடியற நம்பர் எப்படிப்பா ரெண்டால போகும்?" என்றான் ஏழாம் வகுப்புப் பையன். எட்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காத கால்குலேட்டர் அது. கடைசி 97-ஐ உள்ளே விடவே இல்லை.

பிறகு பேப்பரும் பேனாவும். இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3-ஆல் போகாது. 7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தாலும் மீதி 5. காப்பியடித்த மாதிரி இருக்கிறதே என்று மறுபடி போட்டேன். சரியாகத்தான் இருந்தது. நூறைத் தொடுவதற்குள் காபி குடிக்க எழுந்தேன். எழுந்ததுதான்.

விடை 641-இல் உட்கார்ந்திருந்தது. 641 × 6700417 என்று 1732-லேயே சொல்லிவிட்டார் ஆய்லர். 641 என்பது 116-ஆவது பகா எண். அதற்காக வரிசையாக 116 தடவை வகுக்க வேண்டியதில்லை. இந்த எண்ணை வகுக்கிற பகா எண் எதுவானாலும், 64-இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று பின்னாளில் அவரே நிரூபித்தார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல். நான் பேப்பர் தீர்த்த எண்களில் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை.

ஃபெர்மாவின் வரிசையில் அந்த முதல் ஐந்துக்குப் பிறகு இதுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை. நம் 4294967297-இல் தொடங்கி 28 எண்களும் பகு எண்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. அதற்கடுத்தது எந்தக் கட்சி என்று இன்னும் யாருக்கும் தெரியாது. எழுதினால் சுமார் 258 கோடி இலக்கங்கள் வரும். ஆசையிருந்தால் இறங்கிப் பாருங்கள். கால்குலேட்டர் மட்டும் என்னிடம் இரவல் கேட்காதீர்கள்.