பரிசு வரும், பொறுமை இருந்தால்!

கேள்வி: பொருளாதார வரலாற்றில் ஆராய்ச்சி செய்ய ஆசை. 'அதைப் படிச்சா என்னலே கெடைக்கும்?' என்கிறார் அப்பா. பரிசாவது கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், ஆழ்வார்குறிச்சி

பதில்: நோபலே கிடைக்கும்! 'ரயிலே வராமலிருந்தால் அமெரிக்கா என்ன ஆகியிருக்கும்?' என்று கணக்குப் போட்டார் ராபர்ட் ஃபோகல். 'பெரிய நஷ்டமில்லை' என்று விடை வந்தது. 1993-ல் டக்ளஸ் நார்த்துடன் அவருக்கும் நோபல். அமெரிக்கப் பெண்களின் வேலையையும் கூலியையும் 200 ஆண்டுகள் பின்னோக்கித் துருவிய க்ளாடியா கோல்டினுக்கு 2023-ல், தனியாகவே. 2025-ல் பொருளாதார வரலாற்றாளர் ஜோயல் மோகிருக்குப் பாதிப் பரிசு.

ஸ்டாக்ஹோம் தூரம் என்றால், பக்கத்திலேயே பாருங்கள். கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி. கைது, மக்கள் கொந்தளிப்பு எல்லாம் நடந்த காலத்தை ஆராய்ந்த 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்காக ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு 2024-ன் சாகித்திய அகாதெமி விருது: 1 லட்சம் ரூபாய்.

உங்களுக்கு ஆய்வுப் பொருளுக்கா பஞ்சம்? அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்த அனந்தராமகிருஷ்ணன் உங்கள் ஊர்க்காரர். கடனாநதிப் பாசனம் வாசலிலேயே இருக்கிறது. அமெரிக்கரான டேவிட் லடன் திருநெல்வேலிச் சீமை விவசாயிகளின் வரலாற்றை 1985-லேயே நூலாக்கிவிட்டார். நீங்கள் இன்னும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

ஒன்று மட்டும்: நோபல் வந்தபோது மோகிருக்கு வயது 79. அதுவரை சோறு போட அப்பா தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.