கட் கட் கட்

இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளைகள் கோரஸாக ஒப்பிக்கும் வினைச்சொல் பட்டியலில் மனம் குளிரும் இடம் ஒன்று உண்டு. "கோ, வென்ட், கான்" என்று தடுமாறி, "ஈட், ஏட், ஈட்டன்" என்று பல் உடைபட்டு வருகிறவர்களுக்கு அடுத்ததாக "கட், கட், கட்" வரும். இன்றைக்கும் கட், நேற்றைக்கும் கட், எப்போதோ முடிந்துபோயிருந்தாலும் கட். இலக்கணம் கருணை காட்டும் இடம் அது. சித்தேரி மலையில் உள்ள பழங்குடியினர் உறைவிடப் பள்ளியானாலும் சென்னையின் கான்வென்ட் ஆனாலும், இந்த ஒரு வரியைத் தப்பாகச் சொன்ன பிள்ளை இருக்க முடியாது.

இங்கிலீஷில் சின்னச் சொற்களுக்குத்தான் பெரிய குடும்பம். ஆக்ஸ்போர்டு பேரகராதி 1928-இல் முழுமை பெற்றபோது அதில் அதிக இடத்தை அடைத்துக்கொண்ட சொல் 'செட்'. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' 645 பொருளோடு முந்திக்கொண்டது. அந்த ஒரு வினையை உட்கார்ந்து எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. இந்தப் பந்தயத்தில் 'கட்' பரிசு ஏதும் வாங்கவில்லை. அதன் பூர்வீகமே சரியாகத் தெரியாது. 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். "நம்ம கத்தியிலிருந்து போனதுதான்" என்று சொல்ல எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் கட்டிலும் கட்லெட்டும் பங்காளிகள் ஆகிவிடும்.

ஆனால் இந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்து செய்திருக்கும் காரியம் விசித்திரமானது. அதைப் பார்க்கச் சித்தேரி வசதியான இடம்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். தமிழகப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான். சாமை, கேழ்வரகு, மரவள்ளி என்று வெள்ளாமை செய்கிற மலையில் கத்தியும் அரிவாளும் சும்மா இருப்பதில்லை. அங்கே நடக்கும் வேலைகளைக் கவனித்தால், கதிரை அறுக்கிறார்கள், மரத்தை வெட்டுகிறார்கள், விறகைப் பிளக்கிறார்கள், கிளையைக் கழிக்கிறார்கள், கீரையைக் கிள்ளுகிறார்கள், வெங்காயத்தை அரிகிறார்கள், கிழங்கைச் சீவி நறுக்குகிறார்கள். இத்தனைக்கும் இங்கிலீஷ்காரர் பெரும்பாலும் 'கட்' என்ற ஒன்றை வைத்தே ஒப்பேற்றிவிடுவார். நம் ஊரில் "சாமையைக் கட் பண்ணிட்டோம்" என்று யாராவது சொன்னால், அரசு ஏதோ மானியத்தை நிறுத்திவிட்டது என்றுதான் அர்த்தமாகும்.

கையில் ஆயுதம் இருந்தால் தமிழ். ஆயுதமே இல்லாத இடத்தில் கட். கரண்ட் கட், போன் கட், சம்பளம் கட், கிளாஸ் கட், டிரிப் கட். இவற்றில் எதற்குமே கத்தி தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அறுந்துபோனால்தான் நமக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது. தமிழில் 'அறு' என்று அங்கே போட்டால் வேறு வம்பு: அறுவை என்றால் சலிப்பூட்டும் பேச்சு, "பிளேடு போடாதே" என்றால் வாயை மூடு.

விதிக்கு விலக்கு உண்டு. கேக்கை யாரும் அறுப்பதில்லை, வெட்டுவதுகூட அரசியல் கட்சிப் போஸ்டரில்தான். வீட்டில் கட் பண்ணுகிறார்கள். சமையல் வீடியோக்களில் வெங்காயமும் கட் ஆகத் தொடங்கிவிட்டது. "பொடியா கட் பண்ணி வச்சுக்கோங்க" என்பவர்களின் சொந்தப் பாட்டி அதே வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தவர்தான். அரிவாள்மணை பரணுக்குப் போனபோது அந்த வினையும் கூடவே ஏறிவிட்டது போலும். இந்த ஒரு விஷயத்தில் கட் செய்வது அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மற்ற இடங்களில் அது உழைத்துத்தான் சாப்பிடுகிறது. முக்கியமாக, 'கட் பண்ணு' என்பதற்கும் 'கட் ஆகு' என்பதற்கும் நடுவில் தமிழன் ஒரு நீதிமன்றமே நடத்துகிறான். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது போன் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றுவிடும். மறுபடி லைன் கிடைத்ததும் முதல் கேள்வி, "மாமா, நீங்களா கட் பண்ணீங்க?" பதில், "நான் எங்கப்பா பண்ணேன், அதுவா கட் ஆயிடுச்சு." பண்ணினால் குற்றம், அதுவா ஆனால் விதி. கடன் கொடுத்தவர் கூப்பிடும்போதெல்லாம் சரியாக வளைவு வந்துவிடுகிறது என்பது தனிக் கதை. சமவெளியில் இருப்பவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பஸ்ஸுக்கும் இதே சட்டம்தான்.

"ஏம்ப்பா, சாயங்கால வண்டி உண்டா?"

"டிரிப் கட் ஆயிடுச்சு, ஆயா."

யார் கட் பண்ணினார்கள் என்று ஆயா கேட்கவில்லை. 'ஆயிடுச்சு' என்ற பிறகு கேட்க ஆளில்லை. நேரம் ஆயிடுச்சு, வயசு ஆயிடுச்சு, கட் ஆயிடுச்சு. சென்னையில் கொஞ்சம் கௌரவமாக 'கட் சர்வீஸ்' என்று ஒன்று ஓடும். முழுத் தடத்துக்கும் போகாமல் பாதி வழியிலேயே திரும்பிவிடும் பஸ் அது. போர்டைச் சரியாகப் படிக்காமல் ஏறியவருக்கு விவரம் இறங்கும் இடத்தில்தான் தெரியும்.

மாணவன் வந்ததும் கூடவே 'அடி' சேர்ந்துகொள்கிறது. இங்கிலீஷில் கிளாஸைக் கட் பண்ணினால் போதும். இங்கே கட் அடிக்க வேண்டும். காப்பி அடி, பிட் அடி, சைட் அடி என்ற வரிசையில் அதையும் சேர்த்துவிட்டார்கள். படிப்பு தவிர மற்ற எல்லாவற்றையும் அடிக்கலாம்.

மதுக்கடை வாசலில் அதே சொல் 'கட்டிங்' ஆகிறது. 180 மில்லி குவாட்டரை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வது. மும்பையில் பாதி டம்ளர் டீக்குப் பெயர் கட்டிங் சாய். நம் ஊர் ஒரு படி மேலே போய்விட்டது. புஷ்கர் - காயத்ரி இயக்கி 2010-இல் வெளிவந்த படத்துக்கு 'குவாட்டர் கட்டிங்' என்றுதான் முதலில் பெயர். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்ற அரசின் சலுகை அப்போது நடப்பில் இருந்தது. யோசித்தார்கள். தமிழ் எண்களில் காலுக்கு உரிய குறி 'வ'. படத்தின் பெயர் 'வ' ஆயிற்று. அழிந்துபோய்விட்டது என்று தமிழாசிரியர்கள் வருந்திக்கொண்டிருந்த பின்ன எண்ணை ஒரு குவாட்டர் பாட்டில் மீட்டுக் கொடுத்தது.

கட் அவுட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாலாபிஷேகம் வரை பார்த்தாயிற்று. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரிலும் கட் அவுட்டிலும் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சாலையோரம் நாற்பதடி உயரத்தில் நிற்க ஆசைப்பட்ட வட்டச் செயலாளர்களுக்கு அது கொஞ்சம் கடுமையான நிபந்தனைதான்.

இதையெல்லாம் விட வேடிக்கை, இங்கே வந்த 'கட்'டுக்கு ஏற்கனவே ஒரு தமிழ்ப் பெயரொற்றுமைக்காரர் இருந்தார். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே லேட்டு, டிக்கெட்டு என்று உகரம் ஒட்டிக்கொள்கிற மாதிரி கட்டும் 'கட்டு' ஆகிறது. ஆனால் தமிழ்க் கட்டு நேர் எதிர்க்கட்சி. மூட்டையைக் கட்டு, தாலியைக் கட்டு, வீட்டைக் கட்டு: சேர்ப்பதுதான் அதன் தொழில். ஒருவன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்றால் கல்யாணம். கட் பண்ணிவிட்டான் என்றால் எல்லாம் முடிந்தது. இரண்டும் ஒரே வாயில் ஒரே நாளில் வருகின்றன, யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இவை இரண்டும் முகத்தோடு முகம் பார்க்கும் இடம் மின்வாரியம். கட்டணத்தைக் கட்டினால் கட் இல்லை, கட்டாவிட்டால் கட். அப்போதும் லைன்மேன் எதையும் வெட்டுவதில்லை, பீஸ் கேரியரைப் பிடுங்கி எடுத்துப் போகிறார். 2012-இல் இந்தக் கணக்கு பொய்த்தது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று, ஒழுங்காகக் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் சமமாகக் கட் ஆயிற்று.

2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு பல்பும் ஒரு டிவியும் ஓடுகிற மலை வீட்டில் கட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. பலத்த காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அங்கேயும் கட்தான், ஆனால் அது 'ஆயிடுச்சு' வகை. 'பண்ணிட்டாங்க' வகைக்கு ஆளாகக்கூடியவர்கள் ஏசி போட்டிருக்கும் வாசகர்கள்தான். கடைசித் தேதி தாண்டுவதற்குள் போய்க் கட்டிவிடுங்கள்.