நம்பகமான பக்கவாத்தியக் கிட்டார்காரர் ஆவது எப்படி?

புனே பக்கம் தாபோடியில் இருந்துகொண்டு ராக் கிட்டார் கனவு காணும் தம்பிக்கு முதல் நற்செய்தி: ஊர் உனக்குத் தோதானது. எஸ்.டி. பஸ் பணிமனை, மும்பை நெடுஞ்சாலை, லோணாவளா லோக்கல், இப்போது தலைக்கு மேலே மெட்ரோ. இந்தச் சத்தத்துக்கு நடுவே ஆம்பை எவ்வளவு ஏற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். கணபதி பத்து நாளும் டோல்-தாஷா அடிக்கும்போது நீ வாசிப்பது உனக்கே கேட்காது. மானிட்டர் வேலை செய்யாத மேடைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தொழிலுக்கு வருவோம். ஆறு மணிக்கு சவுண்ட் செக் என்றால் ஐந்தரைக்கு நிற்கவேண்டும். பாடகர் எட்டு மணிக்கு வருவார். அதைப் பற்றி முகத்தில்கூட எதுவும் தெரியக்கூடாது. மெல்லிய 'இ' ஸ்ட்ரிங் இரண்டு பையில் எப்போதும் இருக்கட்டும். அறுந்தால் அதுதான் அறும், அதுவும் உன் சோலோவில்தான் அறும்.

பாடகி திடீரென்று "அரைக் கட்டை ஏத்துங்க" என்பார். கேப்போவை ஒரு ஃப்ரெட் தள்ளி மாட்டு, முடிந்தது. மூன்று கட்டையில் இருக்கும்போது அப்படிக் கேட்டால்தான் சங்கடம். மூன்றரை என்று ஒரு கட்டையே கிடையாது. மூன்றுக்கு அடுத்தது நாலு. இதை மேடையில் விளக்கிய கிட்டார்காரரை அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. பேசாமல் நாலு கட்டைக்குப் போய், "மூன்றரைதான் மேடம், உங்க குரலுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிடு.

சோலோ கொடுத்தால் எட்டு பார். ஒன்பதாவது பாரில் நீ இன்னும் வாசித்துக்கொண்டிருந்தால், அடுத்த மாதம் உன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

புகழ்? அதற்கும் வழி சொல்கிறேன். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் அதை ஆரம்பித்தால் பந்தியில் இருப்பவர்கூட எழுந்து வருவார். பாடியவர், இசையமைத்தவர் பெயர் குழந்தைக்கும் தெரியும். கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். கேட்டுப் பார், பத்துப் பேரில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் கிட்டார் பிடித்த சதானந்தம் மாஸ்டருக்கும் இதே கதைதான். அந்தக் கால ரெக்கார்டு உறையில் வாசித்தவர்களுக்கு இடமில்லை. ரஹ்மான் வந்து கேசட், சி.டி. உறைகளில் கலைஞர்கள் பெயரைப் போட்டபோது, தன் பெயரைத் தேடிப் படிக்கப் பூதக்கண்ணாடி வாங்கவேண்டியிருந்தாலும், அது பெரிய மரியாதை. (என்னைக் கேட்டால், அதற்காகவே அவருக்கு இன்னொரு விருது தரலாம்.)

வெளிநாட்டு ஆறுதல் வேண்டுமென்றால் மிக் ரான்சனைச் சொல்லிக்கொள். டேவிட் போவியின் 1972 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்தில் கிட்டாரும் வாசித்து, வயலின் பகுதிகளையும் எழுதிக்கொடுத்தவர் அவர். கூட்டம் பார்த்தது போவியின் சிவப்புத் தலைமுடியை.

கடைசியாக, சில கெட்ட சகவாசங்கள் பற்றி எச்சரிக்கை. சலீல் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவர், 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கப் போய்விட்டார். 'தம் மாரோ தம்'முக்கு 1971-இல் கிட்டார் வாசித்த பூபிந்தர் சிங் பாட்டையும் விடவில்லை. கஜல் பாடியே பெயர் வாங்கினார். ஊரார் பாட்டுக்கெல்லாம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன் 1992-இல் 'ரோஜா'வோடு சரி, திரும்பி வரவே இல்லை. இவர்களைப் பார்த்து நீயும் சொந்தமாக மெட்டுப் போட ஆரம்பித்துவிடாதே. அப்படியே போட்டாலும் வீட்டுக்குள் போடு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கட்கியில் கல்யாண ரிசப்ஷன் இருக்கிறது, லீட் கிட்டாருக்கு ஆள் தேடுகிறார்கள். பேமென்ட்டில் பாதியை முன்பணமாகக் கேட்டு வாங்கிக்கொள்.