ஏர் பிடிக்க நாலு வருஷமா?

கேள்வி: மகள் பெங்களூரில் பி.எஸ்சி. அக்ரி சேரணும் என்று அடம்பிடிக்கிறாள். ஏர் பிடிக்க நாலு வருஷப் படிப்பா?
– ஒரு தந்தை, ஓசூர்

பதில்: ஏர் மட்டும் என்றால் தாத்தாவே கற்றுக்கொடுத்திருப்பாரே! ஹெப்பால் தாண்டியிருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உழவியல், மண்ணியல், பூச்சியியல், மரபியல், வேளாண் பொருளாதாரம் என்று பாடங்கள் நீளும். கேழ்வரகுக் கதிரின் கழுத்து கறுத்திருந்தால், குலைநோய் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். அந்த நோயைத் தாங்கி நிற்கும் ஜி.பி.யு.28 ரகத்தைத் தந்ததே இந்தப் பல்கலைக்கழகம்தான். கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யணும். கஷ்டமான பரீட்சை அதுதான். அறுபது வயது விவசாயி வரப்பில் நிறுத்திக் கேள்வி கேட்பார். பிட் அடிக்க முடியாது. ஆசைப்படுகிறாள், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.