வெங்காயம் வதங்கட்டும்!

கேள்வி: எங்கள் முதல் கல்யாண நாளுக்கு மனைவியை ஒரு பிரெஞ்சு உணவகத்துக்கு அழைத்துப்போக ஆசை. மெனுவைப் பார்த்தாலே நாக்கு குழறுகிறது. எங்கே ஆரம்பிப்பது?
(இளம் கணவர், வாக்கட், புனே)

பதில்: முதலில் வாழ்த்துகள் இருவருக்கும்! நீங்கள் நினைத்துப் பயப்படுவது கையுறை போட்ட சர்வர்கள் வரிசையாக நிற்கும் நட்சத்திர ஓட்டலை. பிஸ்ட்ரோ என்ற சின்ன பிரெஞ்சு உணவகம் அந்த ஜாதியே இல்லை. நெருக்கிப் போட்ட சின்ன மேஜைகள், பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பது காதில் விழும் தூரம், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய அன்றைய சமையல். நம் மெஸ் வாசலில் ‘இன்று வத்தக்குழம்பு’ என்று எழுதிப்போடுவார்களே, அதே வழக்கம்தான். டெக்கான் பக்கம், பிரபாத் ரோட்டில், செஃப் சித்தார்த் மகாடிக்கின் லெ ப்ளேசிர் அந்த வகை. ஐரோப்பியச் சாப்பாடும் உண்டு, கேக்கும் டார்ட்டும் உண்டு. வாரக்கடைசியில் வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள், அதனால் வார நாளாகப் பார்த்துப் போங்கள். பெயர் வாயில் நுழையாவிட்டால் விரலால் காட்டினால் போதும். ‘இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது?’ என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு எந்த நல்ல சமையற்காரரும் கோபித்துக்கொண்டதில்லை.

கேள்வி: பிஸ்ட்ரோ பணக்காரர்களின் இடம்தானே?
(கல்லூரி மாணவர், கட்கி)

பதில்: தலைகீழ். பிரான்சின் நடுப்பகுதியில் ஓவேர்ன் என்றொரு மலைநாடு. பிழைப்பு கடினம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் பாரிசுக்கு வந்தவர்கள் மாடிமாடியாகத் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு ஓரத்தில் ஒயின் ஊற்றிக்கொடுத்தார்கள். அப்படியே அடுப்பில் ஏதோ கொதிக்க ஆரம்பித்தது. பாரிசின் தெருமுனைக் கடைகளில் எத்தனையோ இந்தக் கரிக்காரர்கள் போட்டவை. ஊரைவிட்டு வந்தவர்கள் உழைப்பாளிகளுக்குப் போட்ட சோறு அது. நம் ஊரில் விலை ஏறியதற்கு வாடகையும் இறக்குமதிச் சீஸும் காரணமே தவிர, அந்தச் சமையலின் பிறப்பு காரணம் அல்ல.

கேள்வி: வெங்காய சூப்புக்கு இவ்வளவு விலையா? வெங்காயமும் தண்ணீரும்தானே!
(குடும்பத் தலைவி, பிம்ப்ரி)

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. நேரம். நாலு பேருக்கு சூப் வைக்க ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, வெண்ணெயில் போட்டு, அடுப்பைச் சிறுதீயில் வைக்கவேண்டும். பத்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகும். நாம் குழம்புக்கு வதக்கும்போது அங்கேயே நிறுத்திவிடுவோம். இதில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. அரை மணியில் பொன்னிறம். முக்கால் மணிக்கு மேல் சட்டி நிறைய இருந்த வெங்காயம் அடியில் ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, வெல்லப்பாகு நிறத்தில், கரண்டியில் ஒட்டும். நடுவில் யாராவது நின்று கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். ஐந்து நிமிஷம் போனை எடுத்தால் அடிப்பிடித்துக் கசந்துவிடும்.

உரிக்கும்போது அழவைத்த அதே வெங்காயம் எப்படி இனிக்கிறது? கண்ணைக் கரிக்கும் கந்தகப் பொருள்கள் சூட்டில் போய்விடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் மறைந்திருந்த சர்க்கரை சிவந்து முன்னால் வருகிறது. புனேக்காரர்களுக்கு இதில் தனிச் சந்தோஷமே உண்டு. நாட்டின் மிகப் பெரிய வெங்காயச் சந்தையான லாசல்காவ் நம் மாநிலத்தில்தான், நாசிக் மாவட்டத்தில். பாரிசில் இந்த சூப்பின் வீடு என்று லே ஆல் மொத்தச் சந்தையைச் சொல்வார்கள். 1969-ல் சந்தை ஊருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போகும்வரை, மூட்டை இறக்கிய கூலிக்காரர்களும் கூத்துப் பார்த்துத் திரும்பிய கனவான்களும் விடியற்காலையில் ஒரே கடையில் இதைக் குடித்தார்கள்.

விலை நியாயமா என்று நீங்களே சோதிக்கலாம். சூப்பின் மேல் உருகியிருக்கும் சீஸ் மூடியைக் கரண்டியால் உடைத்து, கீழே உள்ள வெங்காயத்தை மட்டும் எடுத்து வாயில் போடுங்கள். இழை இழையாக, ஆழமான இனிப்போடு, கடைசியில் லேசான கசப்போடு இருந்தால் அந்தச் சமையலறை நேரத்தைச் செலவழித்திருக்கிறது. கூழாகி, வெறும் சர்க்கரையாக இனித்தால் சோடா உப்பும் சீனியும் போட்டு அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கடையில் மறுபடி சூப் வேண்டாம்.

கேள்வி: நான் சுத்த சைவம். பேரன் கூப்பிடுகிறான். எனக்கு அங்கே என்ன கிடைக்கும், தண்ணீரைத் தவிர?
(பாட்டி, ராஸ்தா பேட்)

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள் பாட்டி. ரத்ததூய் என்று கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், குடைமிளகாய், தக்காளி சேர்த்து ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த கூட்டு உண்டு. உருளைக்கிழங்கைச் சீவி, பாலேடும் பூண்டும் சேர்த்து அடுக்கி, அடுப்பில் சுட்ட கிராத்தான் உண்டு. நான்கே நான்கு விஷயம் மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெங்காய சூப் பார்க்கச் சைவம், ஆனால் மரபுப்படி அடியில் இருப்பது மாட்டெலும்புச் சாறு. கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும். இறக்குமதியான க்ரூயேர் சீஸில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். சாக்லேட் மூஸில் பச்சை முட்டை. மராத்தி வீடுகளும் ஜைன வீடுகளும் சாப்பிட வரும் ஊர் இது. நீங்கள் கேட்பது பிஸ்ட்ரோக்காரர்களுக்குப் புதிதல்ல. பதில் தெரியாமல் சர்வர் தலையைச் சொறிந்தால் உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: மெனுவில் ‘டெண்டர்லாய்ன் ஸ்டேக்’ என்று போட்டிருக்கிறது. எந்த மாமிசம்?
(வங்கி ஊழியர், விமான் நகர்)

பதில்: பெரும்பாலும் எருமை. மகாராஷ்டிரத்தில் 2015 மார்ச்சிலிருந்து காளை, எருது வெட்டவும் தடை. பசுவுக்குத் தடை அதற்கும் வெகு முந்தியது.

கேள்வி: கத்தி, முள்கரண்டி எனக்கு வராது. கையால் சாப்பிட்டால் கேவலமா?
(வாசகர், சின்ஹகட் ரோடு)

பதில்: பிரெஞ்சுக்காரர்களே ரொட்டியைக் கையால்தான் பிய்க்கிறார்கள், தட்டில்கூட வைக்காமல் மேஜைவிரிப்பின் மேல் வைக்கிறார்கள். பிஸ்ட்ரோவில் தட்டில் மிஞ்சிய குழம்பை அந்த ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவார்கள். வழித்துச் சாப்பிடத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: புனேக்கும் பிரான்சுக்கும் ஸ்நானப்ராப்தி உண்டா? சும்மா ஒரு ஃபேஷன்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்ரூட்)

பதில்: வரலாற்று வாத்தியாராக இருப்பீர்கள் போல! 1777-ல் செயிண்ட் லூபின் என்ற பிரெஞ்சுக்காரர், பிரான்ஸ் மன்னரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு பேஷ்வாவின் புனேக்கு வந்து இறங்கினார். பேஷ்வாவின் அமைச்சர் நானா பட்னவிஸ் மரியாதையாக வரவேற்றதைப் பார்த்து பம்பாய் வெள்ளைக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. வானவ்டியில் மராட்டியத் தளபதி மகாத்ஜி சிந்தியாவின் நினைவுச் சத்ரி இருக்கிறதே, அந்த மகாத்ஜியின் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தவர் சாம்பெரி ஊர்க்காரரான த புவாஞ். அவருக்குப் பின் வந்த பெரோன் பிரெஞ்சுக்காரர். ஆனால் சிப்பாய்கள் வந்தார்களே தவிர சமையல் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது நம் காலத்துப் பிள்ளைகள்.

கேள்வி: பிரெஞ்சுச் சாப்பாடு வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துப் புதுச்சேரிக்கு வரவேண்டியதுதானே? புனேயில் என்ன இருக்கிறது?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: புதுச்சேரிக்கு நிகர் புதுச்சேரிதான், சண்டையே இல்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். வீடுகளுக்குள்ளேயே மசாலாவும் பிரெஞ்சும் கலந்த தனிச் சமையல் வளர்ந்திருக்கிறது. புனேயில் அப்படி ஆண்டவரும் இல்லை, விட்டுப்போனவரும் இல்லை. இங்கே இருப்பது கற்றுக்கொள்ளும் பிடிவாதம். பத்ரகார் நகரின் அலியான்ஸ் பிரான்சேஸில் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள். ரொட்டி விஷயத்தில் இந்த ஊருக்கு நீண்ட பழக்கம்: கேம்ப்பில் கயானி பேக்கரி, டெக்கானில் 1935-லிருந்து இரானி கஃபே குட்லக். ஒரு பிஸ்ட்ரோவுக்கு வேண்டிய சரக்கும் சுற்றுப்புறத்திலேயே விளைகிறது. ஏபிசி ஃபார்ம்ஸ் பல ஆண்டுகளாக இங்கேயே விதவிதமாகச் சீஸ் செய்கிறது. மகாபலேஷ்வரிலிருந்து ஸ்ட்ராபெரி, நாசிக்கிலிருந்து ஒயின், லாசல்காவிலிருந்து வெங்காயம். ஊரின் பொருளை வைத்துச் சமைப்பதுதான் பிஸ்ட்ரோவின் அடிப்படை. அந்தக் கணக்கில் புனேக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன்.

கேள்வி: பாரிஸ் உணவகங்களின் அடுக்களையில் நம் தமிழர்கள்தான் சமைக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?
(பொறியாளர், ஹிஞ்ச்வாடி)

பதில்: உண்மை. நெஞ்சு நிறையச் சொல்கிறேன். போர் துரத்திய இலங்கைத் தமிழர்கள் எண்பதுகளிலிருந்து பாரிசுக்குப் போனபோது, மொழி தெரியாதவர்களுக்குத் திறந்த கதவு அடுக்களைக் கதவுதான். தட்டுக் கழுவினார்கள், வெங்காயம் உரித்தார்கள், பிறகு கரண்டியைக் கையில் எடுத்தார்கள். பாரிசில் நீங்கள் ரசித்துச் சாப்பிடும் மாட்டிறைச்சி பூர்கிஞ்ஞோனை யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் கிளறியிருக்கலாம். வேலை முடிந்ததும் அவர்கள் இடியப்பமும் சொதியும் தேடிப் போகும் இடம் லா ஷாப்பெல். ஓவேர்ன் கரிக்காரர்கள் நடந்த அதே பாதை, நூறு வருஷம் கழித்து.

ஒரு பெயரைக் கட்டாயம் சொல்லவேண்டும்: தர்ஷன் செல்வராஜா. பாரிசின் 20-ஆவது வட்டாரத்தில் ‘ஓ லெவேன் தே பிரெனே’ என்ற பேக்கரியின் ரொட்டிக்காரர். 2023-ல் பாரிஸ் நகரின் மிகச் சிறந்த பாகெத் ரொட்டிக்கான பரிசு அவருக்கு. 4,000 யூரோ பணம், அதைவிடப் பெரிதாக, ஒரு வருஷம் ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் கௌரவம். மறுவருஷம் ஒலிம்பிக் தீபத்தையும் ஏந்தி ஓடினார். பாகெத் செய்ய மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கே பொருள். ஏமாற்ற இடமே இல்லாத ரொட்டி. அதில் முதலிடம் என்றால் கை எவ்வளவு பக்குவப்பட்டிருக்கவேண்டும்! பிரெஞ்சுச் சமையல் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?
(ஐடி ஊழியர், கராடி)

பதில்: வேண்டாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஜிஎஸ்டி வேறு விஷயம், அது அரசாங்கத்துக்குப் போவது. ஆனால் ஒன்று, அந்தப் பணத்தை எடுக்கச் சொல்லிவிட்டு உங்களுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறிய பையனை மறந்து எழுந்துவிடாதீர்கள். அவன் கையில் நேராகக் கொடுங்கள்.

கேள்வி: சாப்பிட்ட பிறகும் பேசிக்கொண்டே உட்காரலாமா?
(தோழிகள் நால்வர், ஔந்த்)

பதில்: அதற்குத்தானே போகிறீர்கள்! வெளியே ஆட்கள் காத்திருந்தால் மட்டும் ஒரு காபியோடு எழுந்துவிடுங்கள்.

கேள்வி: ‘கோக் ஓ வேன்’ சாப்பிட்டேன். சிக்கன் சவசவ என்றிருந்தது. என் நாக்கா, சமையலா?
(வாசகர், பானேர்)

பதில்: உங்கள் நாக்கு சரி. கிராமத்தில் வயதாகிப்போன சேவலை, கடிக்கவே முடியாத மாமிசத்தை, ஒயினில் மணிக்கணக்காக வேகவைத்து மெத்தென்று ஆக்கக் கண்டுபிடித்த சமையல் அது. பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியை அதில் போட்டால் அரை மணியில் நாராகிவிடும், சாறும் இறங்காது. தொடையும் காலுமாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடைசியில் இனிப்பு ஒன்றுதான் வாங்க வயிற்றில் இடம். க்ரெம் ப்ரூலேயா, டார்ட்டா?
(புதுமணத் தம்பதி, கோரேகாவ் பார்க்)

பதில்: மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி வரும். அப்போது ஸ்ட்ராபெரி டார்ட், பேச்சே இல்லை. மற்ற மாதங்களில் க்ரெம் ப்ரூலே. மேலே சர்க்கரைத் தகடு தட்டினால் ‘டக்’கென்று உடையவேண்டும், கீழே பாலேடு குளிர்ந்திருக்கவேண்டும். தகடு நமுத்திருந்தால் முன்கூட்டியே சுட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். திருப்பிக்கொடுத்துப் புதிதாகச் சுட்டுத்தரச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலைதான். ஸ்பூன் மட்டும் இரண்டாகக் கேளுங்கள்.