மூன்றாவது சிட்டி எப்போது?

கேள்வி: ராட்சதப் பறவையோடு ரோபோ சிட்டி மோதிய '2.0' படத்துக்கு அடுத்த பாகம் வருமா? வாப்பாவும் நானும் காத்திருக்கிறோம்.
— வாசகர், சாய்ந்தமருது

பதில்: முதல் பாகமான 'எந்திரன்' 2010இல், '2.0' 2018இல். எட்டு ஆண்டு இடைவெளி! இயக்குநர் ஷங்கர் அவசரப்படுவதில்லை, நீங்களும் பொறுங்கள் தம்பி. எனக்கும் ஆசைதான். மலையளவு வளர்ந்த சிட்டியைவிட, புறா மீதேறி வந்த குட்டி ரோபோ 3.0தான் என் மனதை அள்ளியது. பெருங்கடலில் சின்னத் தோணி இறங்குவதைத் தினமும் பார்க்கும் கல்முனைக் கரைக்காரருக்கு அந்தத் துணிச்சல் புதிதா என்ன?

அதுவரை, வாப்பாவோடு நம் அம்பாறை மாவட்டத்துக் குமண பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வாருங்கள். பறவைகள் மேல் '2.0' படத்தின் பட்சிராஜன் வைத்த பாசம் அங்கே புரியும். போன் பையிலேயே இருக்கட்டும். செல்போன்களால் ஆன பறவையைத்தான் திரையில் பார்த்துவிட்டோமே. உயிருள்ள பறவையைக் கண்ணால் பாருங்கள்.