வறுமை ஒழிப்பு: குழுப்படத்துடன்

உலக வறுமையை ஒழிக்க நம் பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம் இன்று டீ-சட்டை, பதாகை, ஹேஷ்டேக் எல்லாம் தயார். ஐ.நா. 2030 என்று கெடுவும் வைத்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்காகக் கம்பாரில் மெழுகுவத்தி ஏற்றலாம். சுங்கை சிப்புட்தான் கொஞ்சம் தூரம்.

1974 டிசம்பரில் இந்த வசதியெல்லாம் இல்லை. ரப்பர் விலை விழுந்து, கெடா பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் திரண்ட மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. (அப்போது உள்ளே போன இளைஞர் தலைவர் அன்வார் இப்ராஹிம் பின்னாளில் பிரதமரே ஆனார், பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க.) வறுமை ஒழிந்ததோ இல்லையோ, 1975-லேயே பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். கட்சி, தொழிற்சங்கம் பக்கம் மாணவன் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அந்தப் பூட்டு இப்போது தளர்ந்துவிட்டது. பிள்ளைகளும் தோட்டத்துக்கு வருகிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டம். மிச்சமிருக்கும் லயத்து வீட்டு வாசலில் பாட்டியை நிறுத்தி, கையில் ஐந்து கிலோ அரிசிப் பை கொடுக்கிறார்கள். படத்தில் ஸ்பான்சர் பெயர் மறைந்துவிட்டதாம். பையைத் திரும்ப வாங்கி, இன்னொரு முறை கொடுக்கிறார்கள். பாட்டியும் இன்னொரு முறை சிரிக்கிறார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, படம் எடுத்து முடித்ததும் பாட்டியின் சமூகநல இலாகா பாரத்தையும் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். அது மலாயில் இருக்கிறது.